பாலத்துக்கு முன்னால் வந்த நிழல்

எங்கள் தாழையேரியில் பாலத்துக்கு முன்னால் அதன் நிழல்தான் வந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், எங்களுக்குச் சாலைக்கு முன்னால் வீட்டு வரி வந்தது, தண்ணீருக்கு முன்னால் குழாய் வந்தது, சாக்கடைக்கு முன்னால் அடுக்குமாடி வந்தது, ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்று முடித்த பிறகு ‘ஏரியைக் காப்போம்’ என்று பச்சைப் பலகை வந்தது, ஆகவே ஒரு சித்திரை மாதக் காலையில், கட்டாத நடைமேம்பாலத்தின் நிழல், படிக்கட்டும் கைப்பிடியும் தூண்களுமாக, ரயில் பாதையை ஒட்டிய பொட்டலில் நீளமாக வந்து விழுந்தபோது எங்களில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, வெயிலுக்கு ஆச்சு என்று அதற்குள் போய் நின்றுகொண்டோம்.

பட்டணத்திலிருந்து புறப்படும் லோக்கல் ரயில் எங்கள் ஊரைத் தர்ப்பூசணியைப் போல இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி, சுடுகாடு, அதாவது பிறக்கவும் படிக்கவும் பிழைக்கவும் போய்ச் சேரவும் வேண்டிய எல்லாம். கேட் என்று ஒன்று இருக்கிறது, அது கார் வைத்திருப்பவர்களுக்கு. நடந்து போனால் அரை மணி நேரம் சுற்று. அதனால் நாங்கள் எல்லோரும் ஜல்லியில் கால் வைத்து, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, தண்டவாளத்தைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். சிலர் போனார்கள், வரவில்லை.

எங்கள் எம்எல்ஏவின் பெயர் தணிகாசலம். கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. இல்லை, முடியாது என்ற சொற்களை அவர் வாயிலிருந்து கேட்டவர் கிடையாது; எதைக் கேட்டாலும் தலையைச் சாய்த்து, கேட்டவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு, “செஞ்சிடலாம்மா” என்பார். பாலம் கேட்டோம். “செஞ்சிடலாம்.” இடம் ரயில்வேயுடையது, அதாவது டெல்லிக்காரர்களுடையது, பணம் கோட்டையிலிருந்து வரவேண்டும், இவர்கள் அவர்களைக் கைகாட்ட, அவர்கள் இவர்களைக் கைகாட்ட, நடுவில் தணிகாசலம் இரு பக்கமும் கும்பிட்டபடி இரண்டு தேர்தல்களைத் தாண்டிவிட்டார். தண்டவாளத்தைத் தாண்டுவதுபோல அது கஷ்டமான காரியம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். சாவுக்கு வராமல் இருந்ததில்லை அவர். ரயிலில் அடிபட்டு யார் செத்தாலும், சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்கு முன்னால் அவருடைய வெள்ளை வண்டி தெருமுனையில் நிற்கும். அந்த வண்டிக்குள் எப்போதும் ஒரு ரோஜா மாலை ஈரத் துணி சுற்றித் தயாராக இருக்கும், எவன் சாவான் என்று தெரியாமலே கட்டி வைத்த மாலை. அதைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பாடையின் முன்தண்டில் தோள் கொடுப்பார். தெருமுனை வரைக்கும் தூக்குவார். அங்கே கட்சிக்காரர் ஒருவர் ஓடிவந்து தோள் மாற்றிக்கொள்வார், இவர் வண்டியேறி கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், நாங்கள் பிணத்தோடு தண்டவாளத்தைத் தாண்டி மூச்சு வாங்கி வந்து சேரும்போது சுடுகாட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார். “என்னா மனுசன்யா” என்று ஊர் சொல்லும். நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

நிழல் வந்த அன்றைக்கே பூக்காரி அதில் கூடையை இறக்கினாள். மறுநாள் இளநீர் வண்டி வந்தது. அதற்குள் ஆட்டோக்காரர்கள் இரண்டாம் தூணின் நிழலைத் தங்கள் ஸ்டாண்டு என்று அறிவித்துப் பலகை நட்டார்கள், பழைய துணி தைக்கும் நாகூர் கனி பாய் மிஷினைத் தூக்கிவந்து படிக்கட்டின் நிழலில் போட்டார், வெயில் நகர நகர நிழல் நகர்ந்தது, நிழல் நகர நகர வண்டிகளும் கூடைகளும் மிஷினும் நகர்ந்தன, “பாய், உங்க மிஷின் எங்க நிழல்ல வருது”, “நிழலுக்குப் பட்டா வாங்கியிருக்கியா தம்பி நீ” என்று சண்டையும் அதோடு சேர்ந்து நகர்ந்தது, சாயங்காலம் எல்லாம் ஓய்ந்தது. பாலம் எங்கே என்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு வானம்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் அண்ணாந்து பார்ப்பதும் நின்றுபோயிற்று, கழுத்து வலிதான் மிச்சம்.

எம்எல்ஏ வந்தார். நிழலுக்குள் நின்றார். குளுமையாக இருக்கிறது என்றார். அடுத்த நாள் விடிவதற்குள், இரு கையும் கூப்பிய அவருடைய படம் போட்டு, ‘நிழல் தந்த நாயகனே’ என்று ஃப்ளெக்ஸ் எழுந்தது. சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தாழையேரிப் பாலம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, பணி நிழல் அளவில் நிறைவடைந்திருக்கிறது என்று தணிகாசலம் எழுந்து பதில் சொன்னாராம், மேசையைத் தட்டினார்களாம். அதைக் கைபேசியில் பார்த்து நாங்களும் சிரித்தோம், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

ஆள் நடமாட்டத்தை முதலில் பார்த்தது பூக்காரிதான். தொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “யாரோ மேல போறாங்க” என்றாள். பாலத்தின் நிழலில், கைப்பிடிகளின் நிழல்களுக்கு நடுவே, ஒரு மனிதனின் நிழல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சைக்கிளின் இரு பக்கமும் கேன்கள் தொங்க, மெதுவாகப் போயிற்று. பால்காரர் தேவசகாயம். போன மழைக்காலத்தில், ஒரு வண்டி போய்விட்டது என்று காலடி எடுத்து வைத்து, எதிர்த் தடத்தில் வந்த வண்டியைப் பார்க்காமல் போனவர். அவருக்குப் பின்னால் தலையில் தேக்சா அண்டாவை வைத்த ஒருவர், அவருக்குப் பின்னால் இடுப்பில் குடத்தோடு ஒருத்தி, கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிய இரண்டு பையன்கள். பாலம் வந்திருந்தால் அதில் யார் யார் நடந்திருப்பார்களோ அவர்கள் எல்லோரும், அவரவர் அடிபட்ட அந்தந்த நேரத்துக்கு, அவசரமாகப் படியேறி, அவசரமாகக் கடந்து, அந்தப் பக்கம் பத்திரமாக இறங்கிப் போனார்கள்.

எட்டேகால் லோக்கல் வரும் நேரத்துக்கு மோனிஷா வந்தாள்.

மோனிஷா, ரேணுகாவின் ஒரே மகள், பத்தாவது படித்தவள். ரேணுகா பாதையோரத்துக் கடைசி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அந்தப் பெண் எழுந்திருப்பது எப்போதும் தாமதம். ஒரு பக்கம் சடை பின்னி முடித்து, மறு பக்கத்தைப் பின்னிக்கொண்டே வீட்டைவிட்டு இறங்கி, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்டவாளம் வரைக்கும் நடப்பாள், தாண்டுவதற்கு முன்னால் முடிச்சுப் போட்டுவிடுவாள். ஒரு நாள் முடிச்சுப் போடவில்லை. நிழலில் அவள் அப்படித்தான் வந்தாள், இரண்டு முழங்கைகளும் மேலே தூக்கி, தலையை ஒருபக்கம் சாய்த்து, பின்னிக்கொண்டே. முகம் தெரியவில்லை. முழங்கை போதும் ரேணுகாவுக்கு. மாவுக் கையோடு ஓடிவந்து பொட்டலில் உட்கார்ந்தவள், நிழல் தன் மடியின் மேல் ஏறிக் கடந்து போகும்வரை மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு ஊர் அதற்கும் பழகியது. அவரவர் வீட்டு நேரம் அவரவருக்குத் தெரிந்தது. தேவசகாயத்தின் மனைவி விடிகாலையில் வந்து ஒரு டம்ளர் காபியை நிழல் வரும் வழியில் வைத்தாள், நிழல் அதைத் தாண்டிப் போனதும் எடுத்துத் தான் குடித்தாள். மற்றவர்கள் சூடம் கொளுத்தினார்கள். அடுத்த ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், செத்தவர்களைப் பார்க்க. பூக்காரிக்கு வியாபாரம் கூடியது. கொஞ்ச நேரம் நில்லு என்று பிள்ளையை யாராவது தடுத்தார்களா என்றால், எப்படித் தடுப்பது, நிழலின் கையைப் பிடித்து நிறுத்த முடியுமா?

ஆனால் பொட்டலில் செம்மண்ணும் கல்லும் முள்ளுமாக இருந்தது, மழை பெய்தால் சேறாகியது, நிழல் கலங்கலாகத்தான் விழுந்தது. ரேணுகா எம்எல்ஏ வீட்டுக்குப் போனாள்.

“சார், அந்த எடத்துல தரையைச் சமமாக்கி வெள்ளை சிமெண்ட் பூசிக் குடுத்தா, என் பொண்ணு நல்லாத் தெரிவா சார். ரிப்பன்கூடத் தெரியும்.”

தணிகாசலம் அவள் கையைப் பொத்திக்கொண்டார். “செஞ்சிடலாம்மா” என்றார், செய்தும்விட்டார். அந்த வாரமே லாரி வந்தது. கேட்டவுடன் அவர் செய்த முதல் வேலை எங்கள் ஊரில் அதுதான். பாலம் கேட்டபோது இல்லாத பணம், இல்லாத அனுமதி, இல்லாத இடம் எல்லாம் வெள்ளைத் தரைக்கு இருந்தன. தரை தந்தத்தைப் போலப் பளபளத்தது. எட்டேகாலுக்கு மோனிஷா வந்தபோது அவள் பல்லில் கடித்திருந்த ரிப்பனின் நுனி காற்றில் ஆடுவது தெரிந்தது. ரேணுகா எம்எல்ஏவைப் பார்த்துக் கும்பிட்டாள், நாங்களும் கும்பிட்டோம், இதுதான் நாங்கள் செய்த தப்பு, வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான், பாலத்தைக் கேட்கப்போன கூட்டம் அதன் நிழலைத் துடைத்து வைத்துக்கொள்ளத் தரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

அந்தத் தரையில்தான் கூட்டம் போட்டார்கள். சாமியானா, மைக், பிளாஸ்டிக் நாற்காலி. தணிகாசலம் மெல்லிய குரலில், அழாத குறையாகப் பேசினார்.

“எனக்கு ஒரு தர்மசங்கடம். பாலம் இதோ கைக்கெட்டுற தூரத்துல இருக்குது. ஆனா பெரியவங்க சொல்றாங்க, நெஜப் பாலம் வந்துட்டா இந்த நெழல் கலைஞ்சிரும்னு. நெழல் போனா நம்ம புள்ளைங்க எப்படி வருவாங்க? நான் யாரு முடிவு பண்றதுக்கு? தாய்மாருங்க நீங்க சொல்லுங்க. பாலம் வேணுமா, புள்ளைங்க வேணுமா?”

ஒரு நொடிகூட ஆகவில்லை. ரேணுகாவின் கைதான் முதலில் எழுந்தது. “வேணாம் சார், பாலம் வேணாம்.” தேவசகாயத்தின் மனைவி கை தூக்கினாள். குடத்துக்காரியின் தாய் தூக்கினாள். பிள்ளையைப் பறிகொடுக்காதவர்கள் என்ன சொல்ல முடியும், அத்தனை தாய்மாரின் கைகளும் மேலே இருக்கும்போது? அவர்களும் தூக்கினார்கள். ரேணுகாவுக்குப் பக்கத்து வீட்டுக் குமுதாவும், இடுப்பில் இருந்த மகள் இலக்கியாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தூக்கினாள். தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று மறுநாள் ஃப்ளெக்ஸ் மாறியது.

அதற்குப் பிறகு பாலத்தைப் பற்றி வாய் திறந்தவனை ஊர் முறைத்தது. “ஒனக்கென்ன, உன் வீட்ல யாரும் போகல” என்றது.

இலக்கியா ஒன்றாவது சேர்ந்தாள். ஆவணி மாதத்து ஒரு காலையில், குமுதாவின் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடினாள். பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றிருந்தது, அதைச் சுற்றி ஓடியவளை மறு தடத்தில் வந்த வண்டி பார்க்கவில்லை. இதற்கு மேல் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அறுத்துக் கட்டிக் கொடுக்க மறுநாள் மதியம் ஆகும் என்றார்கள்.

அந்த மறுநாள் காலையில், ஊர் முழுக்கக் குமுதா வீட்டு வாசலில் இருந்தபோது, ரேணுகா மட்டும் எட்டேகாலுக்கு வெள்ளைத் தரைக்குப் போனாள். பழக்கம் கால்களை இழுத்துக்கொண்டு போயிற்று. மோனிஷா வந்தாள். ஆனால் முழங்கைகள் மேலே இல்லை. சடை பாதி பின்னியபடி முதுகில் அவிழ்ந்து கிடந்தது, ரிப்பனைக் காணோம். ஒரு கை கீழே தொங்க, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி நிழல், தத்தித் தத்தி, ஓட்டமும் நடையுமாக வந்தது. நடுப் பாலத்தில் குட்டி நிழல் எதையோ காட்டியது, பெரிய நிழல் குனிந்து பார்த்தது, பிறகு இரண்டும் சேர்ந்து அந்தப் பக்கம் இறங்கின.

மதியம் உடம்பு வந்தது. அதற்கு முன்னாலேயே வெள்ளை வண்டி வந்துவிட்டது. தணிகாசலம் ஈரத் துணியைப் பிரித்து மாலையை எடுத்தார், அது பெரியவர்களுக்குக் கட்டிய மாலை, அந்தச் சின்ன உடம்பைவிட நீளமாக இருந்தது. அவர் அதை மடித்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரேணுகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“மாலைய அப்புறம் போடலாம் சார். கொஞ்சம் இருங்க.”

“சொல்லும்மா, என்ன வேணும்?”

“உங்ககிட்ட இல்ல.” அவள் குமுதாவின் எதிரில் உட்கார்ந்தாள். “குமுதா, இன்னைக்குக் காலைல உன் பொண்ணு வந்தா. மோனிஷா கையப் புடிச்சிக்கினு வந்தா.”

குமுதா நிமிர்ந்தாள்.

“பாத்ததும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடி” என்றாள் ரேணுகா. குரலை உயர்த்தவில்லை, மாவு என்ன விலை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள், ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது. “இத்தினி நாளா எம்பொண்ணு தனியாப் போறாளே, தனியாப் போறாளேன்னு இருந்தேன். துணைக்கு ஆள் வந்துருச்சுன்னு மனசு ஆறிப்போச்சு. நெஜமாவே ஆறிப்போச்சு. வீட்டுக்குப் போயி மாவுல கைய வெச்சப்புறந்தான், யாரு புள்ளைய நெனச்சு ஆறிப்போனேன்னு எனக்கே தெரிஞ்சுது.”

பறையடிக்கிறவர்கள் தெருவில் நிறுத்திவிட்டார்கள்.

“எம்புள்ள உம்புள்ளைக்குத் துணையாக்கா?” என்றாள் குமுதா.

“அதான் சொல்றேன். என்னைச் செருப்பால அடி.”

குமுதா அடிக்கவில்லை. ரேணுகாவைத் தாண்டி, மாலையோடு நின்றிருந்தவரைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் எல்லோரும் பார்த்தோம்.

தணிகாசலம் மாலையைக் கை மாற்றிக்கொண்டார். “துக்கத்துல பேசுறாங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன். ஆனா நீங்களே சொல்லுங்க, பாலம் வேணாம்னு கை தூக்குனது யாரு? நானா? மக்கள் பேச்சை நான் தட்டுறதில்லம்மா.”

ரேணுகா எழுந்தாள். “நாங்கதான் தூக்கினோம் சார். இல்லைன்னு சொல்லல. ஆனா பெத்தவகிட்ட கேக்குற கேள்வியா அது? செத்துப்போன எம்பொண்ணு நெழலு ஒரு பக்கம், உசுரோட இருக்குற ஊரார் புள்ளைங்க இன்னொரு பக்கம், எது வேணும்னு கேட்டீங்க. எந்தப் பெத்தவளும் எதைச் சொல்வான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே கேட்டீங்க? அந்தப் பதிலை வெச்சிக்கினுதானே இத்தினி மாசம் சும்மா இருந்தீங்க?”

“அம்மா, கேமரா புடிக்கிறாங்க, பாத்துப் பேசுங்க” என்றார் ஒரு வட்டச் செயலாளர்.

“புடிக்கட்டும். நல்லாப் புடி தம்பி, என் மூஞ்சியையும் புடி, அவர் மூஞ்சியையும் புடி.”

தணிகாசலத்துக்கு இப்படிப்பட்ட நேரங்களில் என்ன செய்யவேண்டும் என்று தெரியும். மாலையை வைத்தார், செருப்பைக் கழற்றினார், குனிந்து, சின்னப் பாடையின் முன்தண்டில் தோள் கொடுத்தார். ஊர்வலம் புறப்பட்டது. வழக்கமாக வீட்டோடு நின்றுவிடும் பெண்கள் நிற்கவில்லை, குமுதா முன்னால், ரேணுகா அவள் பக்கத்தில், பின்னால் எல்லோரும். தெருமுனை வந்தது. வெள்ளை வண்டியின் கதவு திறந்திருந்தது. தணிகாசலம் வழக்கம்போல இடது கையை லேசாக உயர்த்தினார், தோள் மாற்ற ஆள் வரட்டும் என்று.

ஆள் வரவில்லை. கட்சிக்காரர் ஒருவர் எட்டு வைத்தார். நாகூர் கனி பாய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார், முறைக்கவில்லை, அதட்டவில்லை, சும்மா பிடித்துக்கொண்டார். தணிகாசலம் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். பிணத்தை இறக்கி வைக்க முடியாது, கைபேசிகள் உயர்ந்திருக்கின்றன. பின்தண்டு நகர்ந்துகொண்டே இருந்ததால் முன்தண்டும் நகர்ந்தாகவேண்டும். வெறுங்காலோடு அவர் ஜல்லியில் ஏறினார். எங்கள் ஊரின் ஜல்லி எவ்வளவு சூடு என்று அன்றைக்குத்தான் அவருடைய பாதத்துக்குத் தெரிந்தது.

நடுத் தடத்துக்கு வந்ததும் குமுதா, “எறக்குங்க” என்றாள்.

இறக்கினோம். பெண்கள் பாடையைச் சுற்றித் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், பிறகு ஆண்கள், பிறகு தெருவே உட்கார்ந்தது. எம்எல்ஏ மட்டும் நின்றார், நிற்கவும் தெரியாமல் போகவும் தெரியாமல். தூரத்தில் வளைவில் வண்டியின் முகம் தெரிந்தது, ஹாரன் அடித்தது, விடாமல் அடித்தது, காலடியில் தண்டவாளம் அதிர்ந்தது. அந்த அதிர்வு எங்களுக்குப் பழக்கம், உள்ளங்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறும். அவருக்கு அது புதிது. வேட்டி முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் வைத்ததை எல்லோரும் பார்த்தோம், பார்த்தும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, ஓட்டுநரின் கண்கள் தெரிகிற தூரத்தில் நின்றது.

அப்போது வெள்ளைத் தரைப் பக்கம் இருந்தவர்கள் கத்தினார்கள். பாலத்தின் நிழலில், நேரமில்லாத நேரத்தில், அத்தனை பேரும் வந்திருந்தார்கள். யாரும் நடக்கவில்லை. தேவசகாயம் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியிருந்தார். எல்லா நிழல்களும் கைப்பிடியில் சாய்ந்து, கீழே, தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மோனிஷா குட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் கைபேசியை எடுத்தார். கோட்டைக்குப் பேசினார், டெல்லிக்குப் பேசினார், இத்தனை நாளும் கேட்காத பாலத்தை இந்தத் தடவை குரல் உடைந்து கேட்டார். இரண்டு தேர்தல் காலமாக ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒரு ரயில் நின்றுபோன அந்தச் சாயங்காலத்துக்குள் கைகுலுக்கிக்கொண்டார்கள். இடம் இருந்தது. பணம் இருந்தது. வரைபடம்கூட எப்போதோ போட்டு வைத்திருந்தார்களாம். எங்களுக்கு வயிறு எரிந்தது அப்போதுதான். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா, இதற்கா தேவசகாயம், இதற்கா மோனிஷா, இதற்கா ஒன்றாவது படிக்கிற பிள்ளை?

வேலை தொடங்கியது. முதல் தூண் எழுந்து அதன் சொந்த நிழலைத் தரையில் போட்டதும், பழைய நிழலில் அந்தத் தூண் அளவுக்குக் குறைந்தது. இரண்டாம் தூண் எழுந்ததும் இன்னும் குறைந்தது. சொன்னபடியேதான் நடந்தது, அந்த ஒரு விஷயத்தில் எம்எல்ஏ பொய் சொல்லவில்லை. மேலே நடக்கிறவர்களுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது, நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள், பிறகு ஒரு நாள் தேவசகாயம் வரவில்லை, அவருடைய மனைவி ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும் வரை நின்றாள்.

புதுக் கான்கிரீட்டுக்குத் தினமும் தண்ணீர் விடவேண்டும், ஈரச் சாக்கு போட்டு நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். காண்டிராக்டரின் ஆட்கள் பாதி நாள் மறந்துவிடுவார்கள். ரேணுகா மறக்கவில்லை. மாவு அரைத்து முடித்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு தூணுக்கும் ஊற்றினாள். தண்ணீரைக் குடித்துத் தூண் இறுக இறுக, வெள்ளைத் தரையில் அவள் மகள் மங்கிக்கொண்டே போனாள், அது அவளுக்குத் தெரியும். குமுதாவும் வந்து இன்னொரு குடம் ஊற்றினாள். “அந்த மூலை காயுது பாரு” என்பாள் ஒருத்தி. மற்றவள் போய் ஊற்றுவாள்.

கடைசிப் படி வார்த்த மறுநாள் எட்டேகாலுக்குத் தரையில் நிஜப் பாலத்தின் நிழல் மட்டும் கிடந்தது. அதில் யாரும் இல்லை. ரேணுகா மீதித் தண்ணீரைப் படியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திறப்பு விழாவுக்குத் தணிகாசலம் வந்தார். ஷூ போட்டு வந்தார். சிவப்பு நாடா, தட்டில் கத்தரிக்கோல், துணி மூடிய கல்வெட்டு. மேடையில் ரேணுகாவைக் கூப்பிட்டு, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு மைக்கில் சொன்னார்: “இந்தப் பாலத்துக்கு நம்ம மோனிஷா பேரை வெக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.”

கைதட்டல் கிளம்பியது. ரேணுகா கையை உருவிக்கொண்டாள்.

“எம்பொண்ணு பேரு வேணாம் சார். அவ இதுல ஒரு நாளும் நடக்கல.” மைக் அவள் வாயருகிலேயே இருந்தது. “உங்க பேரையே போடுங்க. பெருசாப் போடுங்க. அதுக்குக் கீழ, நீங்க மொதமொதல்ல கட்டித் தர்றேன்னு சொன்ன வருஷத்தப் போடுங்க, கட்டி முடிச்ச இந்த வருஷத்தையும் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல எடத்த வெறுமனே விடுங்க. அங்க யாரு இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும்.”

அந்தப் பக்கம் வளைவில் லோக்கலின் ஹாரன் கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளைகள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தலையைக் குனிந்து நாடாவுக்கு அடியில் நுழைந்து, படிகளில் தடதடவென்று ஏறினார்கள். அவர்களுக்குக் கீழே ரயில் போயிற்று. எம்எல்ஏ கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தார்.